அத்திம்பேர் கார் நண்டான கதை

ஒரு விஷயத்தைப் பற்றி எதுவுமே தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பான். அதே விஷயத்தைப் பற்றி நாற்பது வீடியோ பார்த்தவன்தான் ஆபத்தானவன். அவன் ஸ்பேனரைத் தேடுவான். இருபத்தைந்து வயதில் நான் நாற்பத்திரண்டு வீடியோ பார்த்திருந்தேன்.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கெடுத்தது என் காரை அல்ல. எனக்குக் கார் கிடையாது. கெடுத்தது ஸ்ரீதர் அத்திம்பேரின் காரை.

ஸ்ரீதர் அத்திம்பேர் என் அக்கா வித்யாவின் கணவர். குரலை உயர்த்தியே அறியாதவர். (குரலை உயர்த்துபவர்களைச் சமாளித்துவிடலாம். இந்த ரகம்தான் கஷ்டம்.) கல்லூரியில் எனக்கு ஏழு அரியர் இருந்தபோது, அப்பா வீட்டில் ஆடிய ஆட்டத்துக்கு நடுவே புகுந்து, "விடுங்கோப்பா, ரகு க்ளியர் பண்ணிடுவான். எனக்கு நம்பிக்கை இருக்கு" என்று சொன்ன ஒரே ஆள் அவர். அவருடைய முதல் பெரிய ஆசை அந்தக் கார். பழைய ஜெர்மன் கார், கருநீலம், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதைத் துடைக்க ஒரு மஞ்சள் துணி வைத்திருந்தார். அந்தத் துணியைத் துவைக்க இன்னொரு பக்கெட் வைத்திருந்தார்.

அவருக்கு துபாயில் இரண்டு வருட வேலை கிடைத்தது. அக்காவும் கூடப் போனாள். கார் மந்தைவெளியில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்கு வந்தது. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு அத்திம்பேர் சொன்னார்: "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணு. பீச் வரைக்கும் மெதுவா ஒரு ரவுண்டு. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்."

வேறு ஒன்றும் பண்ண வேண்டாம் என்று அவர் சொன்னது ஒரு பொதுப்படையான வாக்கியம். அதில் 'ஸ்ப்ரிங்கைக் கழற்றாதே' என்று தனியாக எதுவும் இல்லை. இப்படித்தான் பிரவீன் எனக்கு விளக்கினான்.

பிரவீன் என் நண்பன். மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்தில், அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டில் நாலைந்து பேர் சேர்ந்து வண்டிகளை நோண்டுவார்கள். அத்திம்பேர் காரை முதல்முறை பார்த்ததும் அவன் அதைச் சுற்றி வந்து, பின் சக்கரத்தைத் தடவி, கண் கலங்காத குறையாகச் சொன்னான்: "மச்சி, இது ரியர் வீல் டிரைவ்டா. பின் சக்கரம் தள்ற வண்டி. இத வச்சிகினு பீச்சுக்கு ரவுண்டு போறியா? பாவம்டா."

அவன் சொன்னது டிரிஃப்ட்டிங். நேராக ஓட்டத் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே காரின் பின்பக்கத்தை வழுக்கவிட்டு, டயரில் புகை கிளம்ப வளைவில் பக்கவாட்டாகப் போகும் வித்தை. (சென்னையில் முதல் மழைக்கு எல்லோரும் இலவசமாகச் செய்வதுதான். வேண்டுமென்றே செய்தால் அதற்குப் பெயர் விளையாட்டு.) நகருக்கு வெளியே ஒரு தனியார் மைதானத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, யார் வேண்டுமானாலும் தங்கள் காரைக் கொண்டுவந்து பழகலாம் என்று அறிவிப்பு வந்தது. பெயர் கொடுத்துவிட்டோம். ஒரு நாள் விளையாட்டு, பிறகு பழையபடி மாற்றிவிடலாம், அத்திம்பேருக்குத் தெரியவே போவதில்லை. மனிதகுலத்தின் பெரும்பாலான துயரங்கள் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன என்று பிறகு புரிந்தது.

டிரிஃப்ட் கார் என்றால் தாழ்வாக இருக்க வேண்டுமாம். பிரவீன் ஷெட்டில், சக்கரங்களுக்கு மேலே காரைத் தாங்கும் பழைய ஸ்ப்ரிங்குகளைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஸ்ப்ரிங்குகளைப் போட்டோம். கார் அரைச் சாண் இறங்கியது. பார்க்க ராஜநாகம் மாதிரி இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில், ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிறு தேய்ந்து ராஜநாகம் முனகியது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, வண்டி தவழ்ந்துகினு போவுது? நடக்கக் கத்துக்கலியா?" என்று விசாரித்தார்.

துபாயிலிருந்து வாராவாரம் போன் வரும். "கார் எப்படிடா இருக்கு?"

"சமத்தா இருக்கு அத்திம்பேர்."

போட்டோ கேட்பார். ஜன்னலுக்கு மேலே உள்ள பாதியை மட்டும் எடுத்து அனுப்புவேன்.

காரை இறக்கியதில் இன்னொரு சிக்கல் வந்தது. பின் சக்கரங்கள் இரண்டும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, குளிரில் முழங்கால் ஒட்டி நிற்பவனைப் போல நின்றன. அது மட்டுமல்ல, அவை பார்க்கும் திசையும் மாறியிருந்தது. நம்மில் சிலர் நடக்கும்போது பாதம் வெளிப்பக்கம் பார்க்கும், சிலருக்கு உள்பக்கம் பார்க்கும் அல்லவா? சக்கரங்களுக்கும் அப்படி உண்டு. அதை 'டோ' என்பார்கள். பின் சக்கரங்களின் டோ சரியாக இல்லாவிட்டால் டிரிஃப்ட்டில் கார் சொன்னபடி கேட்காது. அதைத் திருத்த அடியில் ஒரு போல்ட் இருக்கிறது. திருகினால் சக்கரம் மில்லிமீட்டர் கணக்கில் திரும்பும்.

வீல் அலைன்மென்ட் கடையில் கொடுத்தால் அரை மணி நேர வேலை. ஆனால் முப்பத்தெட்டாவது வீடியோவில் ஒருவர், கம்ப்யூட்டரை நம்பாதீர்கள், இரண்டு நூலும் ஒரு ஸ்கேலும் போதும் என்று சொல்லியிருந்தார். நான் அவரை நம்பினேன்.

மைதானத்துக்குப் போக வேண்டியதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை காலை. ஹாலில் இருந்த ஸ்க்ரீன் ராடுகள் இரண்டையும் கழற்றினேன். பாத்ரூமிலிருந்தும் சமையலறையிலிருந்தும் நான்கு குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல்களை எடுத்துக்கொண்டேன். காருக்கு முன்னால் இரண்டு ஸ்டூல், அவற்றின் மேல் குறுக்கே ஒரு ராடு. பின்னாலும் அப்படியே. முன் ராடிலிருந்து பின் ராடுக்கு, காரின் இரு பக்கமும் பூக்கட்டும் நூலை இழுத்துக் கட்டினேன். நூல் காருக்கு நேராக இருக்க வேண்டும். பிறகு நூலிலிருந்து சக்கரத்தின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து, வித்தியாசத்தைப் போல்ட்டில் திருத்த வேண்டும். அவ்வளவுதான்.

நூல்களை நேராக்க ஒரு மணி நேரம் ஆனது. அதன்பிறகு ஜாக்கி. காரைத் தாழ்த்திவிட்டதால் ஜாக்கி அடியில் போகவில்லை. ஜாக்கி போக வேண்டுமென்றால் காரைத் தூக்க வேண்டும். காரைத் தூக்க ஜாக்கி வேண்டும். இதை யோசித்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மாடிக்குப் போய், என் பூணூலுக்கு வாங்கிய மணைப்பலகைகள் இரண்டை எடுத்து வந்து, பின் சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றினேன். நூலை மறுபடி நேராக்கினேன். அந்த நேரம் பார்த்து மேலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"ரகு! ஹால்ல ஸ்க்ரீன் எங்கடா? எதிராத்து மாமி நான் வடாம் இடறதைப் பார்த்துண்டிருக்காடா!"

மேலே போய், திட்டு வாங்கி, காபி குடித்துவிட்டு இறங்கி வரப் பதினைந்து நிமிடம். வந்ததும் கார் அடியில் படுத்தேன். அளந்தேன், திருகினேன், மறுபடி அளந்தேன். வலது சக்கரம், இடது சக்கரம், இரண்டிலும் அரை மில்லிமீட்டர் கூடப் பிசகாமல் கொண்டுவந்தேன். போல்ட்டுகளை இறுக்கிவிட்டு, எழுந்து நின்று, கிரீஸ் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பொறியாளனாகப் பிறந்த பயனை அன்றுதான் உணர்ந்தேன். (அந்த ஏழு அரியர்களில் ஒன்று, அளப்பதையே பாடமாகக் கொண்ட அளவையியல்.)

போன் அடித்தது. அத்திம்பேர்.

"ரகு, எங்க இருக்கேன் சொல்லு?"

"துபாய்ல."

"மீனம்பாக்கம்! நாளைக்கு தி.நகர்ல என் பெரியப்பா பையன் கல்யாணம். நான் மட்டும்தான் வந்திருக்கேன். யாருக்கும் சொல்லலை, சர்ப்ரைஸ். காரை எடுத்துண்டு வந்துடு."

"கார் எதுக்கு அத்திம்பேர்? நான் டாக்ஸி புக் பண்றேன். ஏசி போட்டு, சௌகரியமா..."

"டாக்ஸியா? ஒரு வருஷமா அதைப் பாக்கணும்னு ஏங்கிண்டிருக்கேன்டா. சீக்கிரம் வா."

நூலை அறுத்துப் போட்டுவிட்டு, பின் ராடை ஓரம் தள்ளி, மணைப்பலகையிலிருந்து காரை இறக்கிக் கிளம்பினேன். தெருமுனையிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தால் கார் வலப்பக்கம் போனது. இடப்பக்கம் நன்றாகத் திருப்பிப் பிடித்தால் நேராகப் போனது. ஆனால் அப்படிப் போகும்போது காரின் மூக்கு வலப்பக்கம் பார்த்தது. எதிரில் எனக்குத் தெரிந்தது சாலையின் நடுத்தடுப்பு. போய்க்கொண்டிருந்ததோ கிண்டிப் பக்கம். மெரினா மணலில் நண்டு எப்படிப் போகும்? அப்படிப் போனேன். கொஞ்சம்தான் மிகைப்படுத்துகிறேன்.

பிரவீனுக்குப் போன் போட்டேன். "மச்சி, ஒரு கல்யாணத்துல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்றான். பின்னணியில் தகர ஷெட்டின் சுத்தியல் சத்தம் கேட்டது.

விமான நிலையத்தில் அந்தக் கூட்டத்தில் அத்திம்பேரால் காரை முழுதாகப் பார்க்க முடியவில்லை. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டிகளை டிக்கியில் அமுக்கினேன். உட்காரும்போது மட்டும், இருக்கை இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததால், தொப்பென்று விழுந்தார்.

"என்னடா, சீட்டு கீழ போயிடுத்தா?"

"உங்களுக்கு அங்க பெரிய வண்டியில போய்ப் பழகிடுத்து அத்திம்பேர்."

பெட்டிகளின் கனத்தில் பின்பக்கம் இன்னும் இறங்கி, ஒவ்வொரு பள்ளத்திலும் டயர் மேலே உரசி 'கர்ர்ர்' என்றது. ஒவ்வொரு 'கர்ர்ர்'ருக்கும் நான் இருமினேன். கிண்டி தாண்டுவதற்குள் அத்திம்பேர், "ஒரு மாத்திரை போட்டுக்கோயேன்" என்றார். பிறகு ஸ்டீயரிங்கைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். மறுபடி ஸ்டீயரிங்கைப் பார்த்தார். "ரகு, நாம திரும்பறோமா?"

"இல்ல அத்திம்பேர். நேராத்தான் போறோம்."

"ஓ."

அந்த 'ஓ'வுக்கு நான் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அதனால் அடையாறில் அது நடந்தது.

சிக்னலுக்கு முன்னால் நின்றிருந்த போக்குவரத்துக் காவலர் தூரத்திலிருந்தே எங்களைப் பார்த்துவிட்டார். ஒரு கை காட்டினார். ஓரம்கட்டினேன். ஓரம்கட்டியதும் கோணலாகத்தான் நின்றது.

"இன்னா தம்பி, பட்டப்பகல்லயே ஊத்திகினியா?"

"ஐயோ, இல்ல சார்."

"பின்ன? அங்கேர்ந்து பாத்துகினே கீறேன். மூஞ்சி என்னைப் பாக்குது, வண்டி பஸ் ஸ்டாப்பு பக்கம் போவுது. எறங்கு. இத ஊது."

மயிலாப்பூர், மந்தைவெளி, பெசன்ட் நகர் மூன்றுக்கும் போகும் பேருந்துகள் அந்த சிக்னலில் நிற்கும். மூன்றிலும் எங்களுக்குத் தெரிந்தவர்கள் உண்டு. அத்தனை ஜன்னல்களுக்கும் முன்னால் அந்தக் குழாயில் ஊதினேன். பூஜ்யம். காவலர் கருவியைத் தட்டினார். "இன்னொருவாட்டி." பூஜ்யம். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அத்திம்பேரும் இறங்கி வந்திருந்தார். காவலர் அவர் பக்கம் திரும்பினார். "சார், நீங்க கொஞ்சம் ஊதுங்க, மெஷினு வேலை செய்யுதான்னு பாப்போம்."

வெங்காயம் கூட அமாவாசை இல்லாத நாளாகப் பார்த்துத்தான் சாப்பிடும் அத்திம்பேர் ஊதினார். பூஜ்யம்.

காவலர் காரைச் சுற்றி ஒரு நடை போனார். திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார்: "அப்ப வண்டிதான் போட்டுக்கீது. எதுனா மெக்கானிக்காண்ட காட்டிட்டு எடுத்துப் போங்க சார். இப்டியே ரோட்ல வுடாதீங்க."

அத்திம்பேர் அப்போதுதான் தன் காரை முழுதாகப் பார்த்தார். மெதுவாகக் குனிந்தார். பின் சக்கரங்கள் சாய்ந்து நிற்பதைப் பார்த்தார். சக்கரத்துக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. எழுந்து, கையைத் தட்டிவிட்டு, ஒரே ஒரு வார்த்தை: "ஏறு."

இந்த முறை அவர் ஓட்டினார். பக்கத்தில் விசாரித்து, ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு அலைன்மென்ட் கடைக்குப் போனோம். அங்கே டில்லிபாபு என்று ஒருவர், நாற்பது வயதிருக்கும். கார் அவர் மேடையில் ஏறவே மறுத்தது, மூக்கு இடித்தது. பலகை போட்டு ஏற்றி, நான்கு சக்கரங்களிலும் கருவிகளை மாட்டி, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா சார் இது? சரியா இருந்தா பச்ச, தப்பா இருந்தா செவப்பு. இது பூரா செவப்பா கீது. பின்னாடி ரெண்டு வீலும் ஜோடி போட்டுகினு லெஃப்ட்ல எங்கியோ போவுது. எவன் சார் கை வச்சான்?"

அத்திம்பேர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த டயர் காலண்டரைப் பார்த்து, "மாம்பலத்துல யாரோ ஒருத்தர்..." என்று முனகினேன்.

"அப்படியா?" என்றார் அத்திம்பேர். பிறகு டில்லிபாபு பக்கம் திரும்பி, மிகுந்த ஆர்வத்தோடு கேட்டார்: "இந்த மாதிரி பண்றவன் எப்படிப்பட்டவனா இருப்பான்?"

டில்லிபாபுவுக்கு இதுவரை யாரும் அப்படி ஒரு நல்ல கேள்வியைக் கேட்டதில்லை போலிருக்கிறது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "கூறு கெட்டவன் சார். ஆனா ஒண்ணு சொல்றேன். ரெண்டு பக்கமும் ஒரே அளவு கீது பாருங்க, ஒரு பாயின்ட் மாறல. தப்ப இவ்ளோ கரெக்டா பண்ணணும்னா, அவன் சும்மா ஆளு இல்ல. உக்காந்து, படுத்து, யோசிச்சுப் பண்ணிகீறான்."

"அவன் கையில ஒரு வண்டியை நம்பிக் குடுக்கலாமா?"

"வண்டியா? சைக்கிள் பம்பு குடுக்கலாமா நைனா? கைய கட்டிப்போட்டு உக்கார வைக்கணும். வூட்ல பெரியவங்க யாரும் கேக்க மாட்டாங்களா?"

"கேட்டிருக்கணும்" என்றார் அத்திம்பேர்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நான்தான்" என்றேன். டில்லிபாபு என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் இருந்தது. பாவம், அவருக்குத்தான் என்னைவிட அதிகம் கூச்சமாகிவிட்டது. "பரவால்ல தம்பி. போல்ட்ட நல்லா டைட்டு வச்சிகிற" என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கார் அடியில் போய்விட்டார்.

அரை மணி நேரம் ஒரு மர பெஞ்சில் நானும் அத்திம்பேரும் உட்கார்ந்திருந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன். டிரிஃப்ட், பிரவீன், ஸ்ப்ரிங், பாதி போட்டோக்கள்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பேள்."

"ஆமா. சொல்லியிருப்பேன். அதுக்குத்தான்டா கேக்கறது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அப்பாவிடம் நம்பிக்கை இருக்கு என்று சொன்ன அதே குரல். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டோ சரியாகி, திரை ஓரளவு பச்சையானது. ஆனால் பழைய ஸ்ப்ரிங்கைப் போடாமல் சாய்வு போகாது என்றார் டில்லிபாபு. ஸ்ப்ரிங் பிரவீன் வீட்டில். திங்கட்கிழமைதான் மாற்ற முடியும். ஆக, மறுநாள் கல்யாணத்துக்கு அதே காரில்தான் போக வேண்டும். டாக்ஸி என்று வாயெடுத்தேன். அத்திம்பேர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பார்க்கிங்கில் நின்று, "எப்படி அளந்தே? காமி" என்றார். முன்பக்கத்து ராடும் ஸ்டூல்களும் இருந்தபடியே இருந்தன. விளக்கிக்கொண்டிருக்கும்போதே வாட்ச்மேன் முனுசாமி வந்து, முன்பக்க ஸ்டூல் ஒன்றை இயல்பாக உருவி, நிழலில் போட்டு உட்கார்ந்தார். ராடு சரிந்தது.

நான் சரிந்த ராடையே பார்த்தேன். "அண்ணே, காலையிலயும் உட்கார்ந்தீங்களா?"

"ஆமா தம்பி. நீ காப்பி குடிக்கப் போனப்ப. ஒரே வெயிலு. ஆனா திருப்பி அங்கியே வச்சிட்டனே, ஒரு நாலு வெரல் இப்பிடி அப்பிடி இருக்கும்."

நாலு விரல். முன் ராடு இடப்பக்கம் நாலு விரல் நகர்ந்து, அதோடு இரண்டு நூல்களும் இடப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. மறுபடி சரிபார்க்காமல் நான் போய்ப் படுத்திருக்கிறேன். சக்கரங்கள் நூலுக்கு மிகச் சரியாக இருந்தன. நூல்தான் காருக்குச் சரியாக இல்லை. அத்திம்பேர் அங்கேயே, அந்த மணைப்பலகையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சிரித்ததால் தண்டனை குறையவில்லை. மறுநாள் காலை பட்டு வேஷ்டியோடு கிளம்பினோம். அத்திம்பேர் ஓட்டினார். தெருவின் முதல் வேகத்தடையில் நிறுத்தி, அமைதியாக, "ரகு, இறங்கு" என்றார். நான் இறங்கி, சாலையில் குந்தி, காரின் வயிற்றுக்கும் தடைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து, கையசைத்து, அங்குலம் அங்குலமாக அவரை ஏற்றி இறக்க வேண்டும். மந்தைவெளியிலிருந்து தி.நகருக்குள் எத்தனை வேகத்தடை என்று யாரும் கூகுளில் தேட வேண்டாம், என்னைக் கேளுங்கள். இருபத்து மூன்று. பாண்டி பஜாருக்குப் பக்கத்தில் இருபதாவதில் குந்தியபோது ஓர் அம்மாள் கவலையோடு, "என்னப்பா தொலைச்சே?" என்று கேட்டு, கூடவே தேட ஆரம்பித்துவிட்டார்.

பிரவீன் மட்டும் அன்று வேறொருவன் காரில் அந்த மைதானத்துக்குப் போய் வந்தான். நான் அதன்பிறகு போகவே இல்லை. என் வாழ்நாளின் ஒரே டிரிஃப்ட் அடையாறில், இருபது கிலோமீட்டர் வேகத்தில், ஒரு கீற்றுப் புகை இல்லாமல், காவல்துறை சாட்சியாக நடந்து முடிந்துவிட்டது. திங்கட்கிழமை ஸ்ப்ரிங்கை எடுக்கப் போனால், பிரவீனின் அம்மா அவற்றின் மேல் துளசித் தொட்டிகளை வைத்திருந்தார். பூஜை நேரம் முடியும்வரை காத்திருந்து வாங்கி வந்தேன்.

அத்திம்பேர் துபாய் திரும்பும்போது சாவியை மறுபடி என்னிடமே கொடுத்தார். "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவிடமும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. (முனுசாமி சொன்னார். அவர் எல்லோரிடமும் சொன்னார்.)

ஒன்பது வருடம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் படம் மாட்ட, அலமாரி நகர்த்த, கோலத்துக்குப் புள்ளி வைக்க, எதற்கும் என்னைக் கூப்பிடுவதில்லை. போன வாரம் யூ.கே.ஜி. படிக்கும் என் பெண் பென்சிலும் ஸ்கேலுமாக வந்தாள். நோட்டில் நேராகக் கோடு போட்டு வரச் சொல்லியிருக்கிறார்களாம். ஆசையாகக் கை நீட்டினேன். அவள் ஸ்கேலை மெதுவாகப் பின்னால் ஒளித்துக்கொண்டு, என் மனம் புண்படக் கூடாது என்ற அக்கறையோடு சொன்னாள்:

"நீ கலர் அடிப்பா. கோடு அத்திம்பேர் வந்து போடட்டும்."